ஒரே ஒரு நட்சத்திரம்

ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனை பில் கேட்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு எக்ஸெல்லில் கூட்டல் போடத் தெரியும், அவ்வளவுதான். அதை நம்பி கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"டேய், நம்ம கடைக்கு சோஷியல் மீடியா வேணுமாம்டா. ஒரு பையன் வந்து சொல்றான். ஒரு நடை வந்துட்டுப் போ."

கடை என்றால் பித்தளைப் பாத்திரக் கடை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குதான் முக்கியச் சரக்கு. நான் போனபோது பையன் டை கட்டிக்கொண்டு லேப்டாப்பில் கலர் கலராகப் படம் காட்டிக்கொண்டிருந்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூட்யூப், எக்ஸ், எல்லாவற்றிலும் கணக்கு. தினம் ஒரு ரீல்ஸ். மாசம் 25,000 ரூபாய்.

"சார், உங்க பிராண்டுக்கு ஒரு பர்சனாலிட்டி வேணும்."

"எனக்கே கிடையாதேப்பா" என்றார் சித்தப்பா, நிஜக் கவலையுடன்.

ஓரத்தில் விளக்கு துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் (கடையில் 30 வருஷம்) துடைப்பதை நிறுத்திவிட்டார். கொரோனாவுக்கு அப்புறம் வியாபாரம் பாதிதான். அந்த 25,000 எந்தச் சம்பளத்திலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். அதனால் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "படத்தைப் பார்த்துட்டு யாராவது விலை என்ன, எத்தனை கிலோன்னு கேட்டா யார் பதில் சொல்றது?"

"ஆட்டோமேட்டிக்கா 'தேங்க்யூ' போயிடும் சார்."

டேவ் கரோல் என்று ஒரு கனடா பாடகர். 2008-ல் யுனைடெட் ஏர்லைன்ஸில் போனபோது அவருடைய 3,500 டாலர் கிடார் உடைந்துபோயிற்று. மாசக்கணக்கில் கேட்டுப் பார்த்தார். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மனுஷர் அதையே பாட்டாகக் கட்டி 2009 ஜூலையில் யூட்யூபில் போட்டார். லட்சக்கணக்கில் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம்தான் இழப்பீடு தருகிறோம் என்று கம்பெனி ஓடி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு விளம்பரத்துக்கா பஞ்சம்? ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் ஆளில்லை.

இன்னொன்று. 2020 ஜூனில் டிக்டாக்கை இங்கே தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பிக் கடை விரித்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக நடுத்தெருவுக்கு வந்தார்கள். புறம்போக்கில் மாடி வீடு கட்டின கதைதான். வாடிக்கைக்காரர் நம்பர் நம்ம நோட்டில் இருக்கவேண்டும் சார்.

பேசிக்கொண்டே கூகிள் மேப்பில் கடைப் பெயரைத் தட்டினேன். திருச்சிக்காரர் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: 'விளக்கு வாங்கினேன். அன்னத்தின் மரை சரியில்லை, நிற்கவில்லை. ஏமாற்று.' எழுதி எட்டு மாசம்.

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப்போய்விட்டது. "எட்டு மாசமாவா இது இங்க தொங்குது? ஊரே படிச்சிருக்குமேடா! ஒரு போன் பண்ணியிருந்தா வேற அன்னம் அனுப்பியிருப்பேனே!"

"அவர் போன் பண்ணினதுதான் சித்தப்பா இது. நாமதான் எடுக்கலை."

பையனுக்கு டிகிரி காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். வாட்ஸ்அப் பிசினஸ் 2018-லிருந்து இருக்கிறது, காலணா செலவில்லை. பெரியவர் போனில் ஏற்றி, விளக்குகளின் படம், உயரம், எடை, விலை எல்லாம் போட்டுக் கொடுத்தேன். பதில் சொல்வது அவர் பொறுப்பு. எந்த விளக்குக்கு எந்த அன்னம் பொருந்தும் என்று அவருக்குத்தானே தெரியும்? முதல் நாளே "மூணடி விளக்கு என்ன விலை?" என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அதில் விலை கடைசியில்தான் வருகிறது. அந்த அம்மா வாங்கிவிட்டார்.

இன்ஸ்டாகிராம் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு.

திருச்சிக்காரருக்கு சித்தப்பா சொல்லச் சொல்ல நான் பதில் தட்டினேன். 'அன்புடையீர், உபயகுசலோபரி' என்று ஆரம்பித்தார். அதை மட்டும் வெட்டினேன். மன்னிப்பும் கடை நம்பரும் போட்டோம். அவரே கூப்பிட்டார். புது அன்னம் கூரியரில் போய்ச் சேர்ந்து, விளக்கில் நிற்கிறதாம். ரொம்ப சந்தோஷமாகப் பேசினாராம். நட்சத்திரத்தை மட்டும் மாற்றவில்லை.

சித்தப்பா தினமும் காலையில் கடையைத் திறந்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கிறார். இன்னும் ஒன்றுதான்.