நாற்பது பக்க நோட்டில் நம் கடன்

வியாழக்கிழமை காலையில் நம் காலனிக்குள் வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எதிரே தோள்பையோடு ஓர் இளைஞர். தவணை வசூல் நடக்கிறது. எல்லோரும் கட்டிவிட்டார்கள், ஒருவரிடம் மட்டும் இருநூறு ரூபாய் குறைகிறது. அந்த இருநூறு வரும்வரை யாரும் எழுந்து போக முடியாது. களை பறிக்கப் போக வேண்டியவர் இருக்கிறார், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர் இருக்கிறார். இளைஞர் எதுவும் பேசுவதில்லை, பேச வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. நம் பெண்களே நம் பெண்ணைத் திட்டத் தொடங்குகிறார்கள்: "கட்ட முடியலன்னா ஏன் வாங்கின?"

கூட்டுப் பொறுப்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடமானம் வைக்க நிலமோ பத்திரமோ இல்லாத மக்களிடம் எதை ஈடாக வாங்குவது என்று யோசித்தவர்கள் நம் ஒற்றுமையையே ஈடாக வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சம்தான் இந்தக் கடனுக்கு ஜாமீன்.

இந்த வாரம் அரசாணையையோ தீர்ப்பையோ பற்றி எழுதாமல் வீட்டுக் கணக்கைப் பற்றி எழுதுகிறோம். தோழர்கள் சிலருக்கு இது உவப்பாக இருக்காது என்று தெரியும். கூலி உயர்வு கேட்க வேண்டியவன் சிக்கனம் பேசலாமா என்று நம்மிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏழையைப் பார்த்து "நீ சரியாகச் செலவு செய்யவில்லை" என்று சொல்வது எப்போதும் வயிறு நிறைந்தவனின் பேச்சு. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் தன் அறிக்கையில் நம் முன்னோரின் நிலையை எழுதியபோது, படியாளின் கடன் அவனுடைய ஊதாரித்தனத்தால் வந்தது என்று எழுதவில்லை. நிலம் இல்லாததையும், பட்ட கடனுக்காக மிராசுதாரிடம் உழைப்பு கட்டுண்டு கிடப்பதையும்தான் எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதற்கு அந்த அறிக்கை வழிவகுத்தது. அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது வேறு கட்டுரை.

ஆனாலும் வீட்டுக் கணக்கு எழுதத்தான் வேண்டும் என்கிறோம். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-லேயே நூல் வெளியிட்டவரின் படத்தை மாட்டாத வீடு நம் தெருவில் இல்லை. அதே வீட்டில், வாங்கிய கடன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் கணவனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு. இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்த கடன் தனி.

ஒன்றரை ஆண்டுக்கு முன் பதினொரு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்துத் திண்ணையில் கூடத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். நாமும் போய் உட்கார்ந்தோம். அங்கே பார்த்ததைத்தான் சொல்கிறோம்.

ஓர் அக்காவின் நோட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். "எல்லாம் சேர்த்து ஒரு எழுபது, எம்பது இருக்கும்ணா" என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். எழுதினோம். குழுக் கடன் இரண்டு, ஒன்றில் பாக்கி 31,000, இன்னொன்றில் 18,000. தண்டலில் 6,000. மாமியாரின் வைத்தியத்துக்கு வாங்கிய அஞ்சு வட்டிக் கடன் 40,000. கூட்டுறவு வங்கியில் நகை மேல் 25,000. மளிகைக் கடைப் பாக்கி 3,800. கூட்டினால் 1,23,800 ரூபாய். அவர் நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அஞ்சு வட்டியை எத்தனை மாதமாகக் கட்டுகிறார் என்று கேட்டோம். இருபத்தாறு மாதம். மாதம் 2,000 என்றால் 52,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கிறது. அசல் நாற்பதாயிரம் அசையாமல் அப்படியே இருக்கிறது.

வரவைப் பார்த்தோம். கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர், மாதத்தில் பதினெட்டு நாள் வேலை கிடைத்தால் நல்ல மாதம். அவர் கூலி 12,600. அக்காவின் வயல் வேலையும் நூறு நாள் வேலையும் சேர்ந்து சராசரியாக 4,000. மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 17,600. இதில் தவணையாகவும் வட்டியாகவும் போவது 8,950. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி, ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. தண்டல்காரரும் அஞ்சு வட்டிக்காரரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். அதனால் காகிதத்தில் அந்தப் பாதி எப்போதும் பாதிக்குள்ளேயே நிற்கும்.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு தானே வட்டி, பரவாயில்லை என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இந்த வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தையும் தாண்டுகிறது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டல்காரரின் பைக் நாள் தவறாமல் நம் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் எந்தக் கடனை அடைப்பது என்பதில் நமக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தது. வட்டி அதிகமாக ஓடுவதை முதலில் அடையுங்கள் என்றோம். கணக்குப்படி அதுதான் சரி. அக்கா மளிகைக் கடைப் பாக்கியை முதலில் என்றார். வட்டியே இல்லாத கடன் அது. "அந்தக் கடை வழியா நடந்து போவ முடியலண்ணா. பிள்ளைய ஒரு தீப்பெட்டி வாங்க அனுப்பினாகூட எல்லார் முன்னாடியும் கேக்கறாரு. அத முடிச்சிட்டாதான் எனக்கு மத்ததுல கை ஓடும்" என்றார். நாம் தோற்றோம். மூன்று மாதத்தில் மளிகைப் பாக்கி முடிந்த அன்று நோட்டில் அந்த வரியின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார்கள். மற்ற பத்துப் பெண்களும் கை தட்டினார்கள். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு நம் கணக்குப் புத்தியை நாமே கொஞ்சம் சந்தேகப்படத் தொடங்கினோம்.

அந்த மூன்று மாதம் பணம் எங்கிருந்து வந்தது? செலவுப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எழுதியதில் அரிசி, பருப்பில் குறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. டாஸ்மாக் வரிதான் கண்ணில் பட்டது. அதை எழுதலாமா வேண்டாமா என்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சு நடந்தது. எழுதினார்கள். அக்காவின் கணவர் நோட்டைப் பார்த்துக் கோபப்பட்டார், இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, முழுதாக விடவில்லை, பாதியாகக் குறைத்தார். மாதம் ஏறக்குறைய 1,200 ரூபாய் மிஞ்சியது. இதைப் பெரிய மனமாற்றக் கதையாக்க நமக்கு விருப்பமில்லை. தீபாவளி மாதத்தில் அந்த வரி மறுபடியும் ஏறியிருந்தது.

நோட்டுகளில் இன்னொரு வரியும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நாம் யோக்கியர்கள் ஆக மாட்டோம். தெரு வரி. மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் டிஜிட்டல் பேனர், இறந்தவருக்குப் பதினாறாம் நாள் பேனர், தலைவர்கள் வருகைக்குப் பேனர். கொடிக்கம்பம் நட, மேடை போட, வேன் பிடிக்க என்று வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களில் நாமும் உண்டு. ஐந்து வட்டிக்கு வாங்கி நமக்கு நன்கொடை தந்த வீடு ஒன்று இருந்தது என்பதை அந்த நோட்டில்தான் பார்த்தோம்.

தண்டல் இரண்டு மாதத்தில் முடிந்தது. மறுபடி எடுப்பதில்லை என்று அக்கா சொன்னதைக் காப்பாற்ற மற்றவர்கள் உதவினார்கள். மகன் காய்ச்சலில் படுத்தபோது தண்டல்காரரைக் கூப்பிடப் போனவரை நிறுத்தி, ஆளுக்கு நூறு போட்டு ஆயிரம் தந்தார்கள். வட்டி கிடையாது, நோட்டில் எழுதினார்கள், அவ்வளவுதான். தண்டலுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் மாதம் மூவாயிரம் ஒதுங்கியது. அதை அஞ்சு வட்டிக்காரரிடம் கொண்டுபோனால், கொடுத்தால் முழுசாகக் கொடு, இல்லையென்றால் வட்டியை மட்டும் கட்டு என்றார். அசலைச் சிறுகச் சிறுக வாங்கிக்கொண்டால் அவருக்கு வரும்படி குறையும் அல்லவா. ஆறு பெண்கள் சேர்ந்து போனார்கள். கடனை நீதிமன்றத்தில் செலுத்தவும் 2003 சட்டத்தில் வழி இருக்கிறது என்று மரியாதையாகவே சொன்னார்கள். பத்துப் பத்தாயிரமாக வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் மாத வட்டியில் ஐந்நூறு குறைந்தது, அந்த ஐந்நூறும் அடுத்த பத்தாயிரத்தில் சேர்ந்தது. பதினான்காம் மாதம் புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டே விதிகள். ஏன் கடன் வாங்கினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த வாரம் கட்டவில்லை என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வியாழக்கிழமை வசூலில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட அதே பெண்கள்தான் இவர்கள். ஒரு பெண் தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர், வசூலுக்கு வந்தவர்களைப் பார்ப்பது போலப் பயந்துபோய்ப் பார்த்தாராம். வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "நோட்டு எழுதலன்னாலும் வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் வந்தார்.

எல்லோருக்கும் இது கூடிவரவில்லை. பதினொன்றில் இரண்டு குடும்பங்கள் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டன. முன்பணத்தை நோட்டில் கடன் என்று எழுதுவது தவறு என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறோம். கடனைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். அதைச் சிக்கனத்தால் அடைக்க முயலாதீர்கள்.

அதேபோல நமக்கு வர வேண்டியதையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு வீட்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கியதுதான் பெருங்கடன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணம் குறித்து 2012-ல் வந்த அரசாணை எண் 92-ஐ அந்தக் கல்லூரி படித்ததாகத் தெரியவில்லை. உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று முதலில் வாங்கிக்கொண்டார்கள். வந்தது, பிறகு அலையவிட்டார்கள். நம் எம்.ஏ. தமிழுக்கும் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. சங்கத் தமிழில் கடன் என்றால் கடமை என்று வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நாளில் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் நடந்துகொண்டிருந்தது. அரசு வீடு கட்டும் திட்டமும் இப்படித்தான். பணம் கட்டட நிலையைப் பார்த்துப் பகுதி பகுதியாக வரும். அடுத்த பகுதி வரும்வரை கொத்தனாருக்கும் கம்பிக்கும் வட்டிக்கு வாங்கியவர்கள் நம் தெருவில் நான்கு பேர். வீடு கட்டத் தொடங்குமுன் அந்த இடைவெளிக்கு எவ்வளவு வேண்டும் என்று நோட்டில் எழுதாமல் அடித்தளம் தோண்ட வேண்டாம்.

வசூலுக்கு வருகிறவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. மைக்ரோ ஃபைனான்ஸ் தவணைக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டியே கடனை முடித்தால் அபராதம் கிடையாது. தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணைத் தொகை மீது மட்டுமே போடலாம். மீறினால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குப் பேசலாம். கடன் வசூலில் மிரட்டலைத் தண்டிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ல் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் இரண்டு குழந்தைகளோடு ஒரு தம்பதி தீக்கு இரையானதை நாம் மறந்துவிடவில்லை. மனு மேல் மனு கொடுத்தும் அந்தக் குடும்பம் தனியாகவே அலைந்தது.

அக்காவின் நோட்டில் இப்போது இரண்டு வரிகள் மிச்சம். பெரிய குழுக் கடனில் கடைசி மூன்று தவணை. நகைக் கடன் 25,000, வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கிறார். பொங்கலுக்குள் நகையை மீட்டுவிடலாம் என்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மகனுக்கு எவ்வளவு ஆகும் என்பதை இப்போதே அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஏழு பெண்கள் புதிதாக வந்திருந்தார்கள். நோட்டு போதவில்லை.