இனிப்பு நீரும் நம் தோட்டப்புறமும்



சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் கேட்டேன். "பாட்டியோட காலை எடுத்துட்டாங்க, டீச்சர்" என்றான்.

பாட்டிக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்கில் மருந்துக்குக் குறைவில்லை. தோட்டத்திலிருந்து அங்குச் செல்லத்தான் பேருந்து இல்லை. மகனுக்கு விடுப்பும் இல்லை. தவணைகள் தவறின, காலில் பட்ட சிறு புண் புரையோடிப் போனது.

2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. 2023 ஆம் ஆண்டின் ஆய்வோ, நாட்டில் இந்நோயுற்றோருள் ஐவரில் இருவர் அதனை அறியாமலே வாழ்கின்றனர் என்கிறது.

அரசாங்கத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால், திருவிழாவிற்குக் காவடி எடுக்கப் பத்துக் கார்கள் ஏற்பாடு செய்யும் நாம், மாதம் ஒரு முறை முதியோரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல ஒரு கார் ஏற்பாடு செய்ய இயலாதா? சுகாதார அமைச்சின் 'கொஸ்பென்' திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிப்பர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கும் கோயில் அன்னதானத்திற்கும் அவர்களை அழைக்கலாமே! தவணை நாள்களைக் குறித்து வைத்து நினைவூட்டும் பொறுப்பை ஒருவர் ஏற்றாலே போதும்.

அம்மாணவன் இப்போது பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறான். அடுத்த பிள்ளைக்கு அந்நிலை வராமல் காப்பது நம் கடமை.

சிந்திப்போம், செயல்படுவோம்.