4 மில்லிமீட்டரை நம்பி ஷூ வாங்கலாமா?

ஓடுவதற்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். சைஸ் இருக்கிறதா, விலை என்ன. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது: "ட்ராப் எவ்வளவு?" பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. குதிகாலுக்கு அடியில் இருக்கும் தடிமனிலிருந்து முன்பாதத்துக்கு அடியில் இருக்கும் தடிமனைக் கழித்தால் வருவதுதான் ட்ராப். வழக்கமான ஓட்ட ஷூக்களில் இது 10, 12 மில்லிமீட்டர். வீட்டு வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே 4 மில்லிமீட்டரில் வந்து உட்கார்ந்துகொண்டது சாக்கனி கம்பெனியின் கின்வாரா.

2010-ல் வந்த முதல் கின்வாரா 220 கிராம்கூட இல்லை. அப்போது பலரும் தினமும் மாட்டிக்கொண்டு ஓடிய ஷூக்கள் சாதாரணமாக 300 கிராமைத் தொடும். வந்த நேரமும் நல்ல நேரம். அதற்கு முந்தைய வருடம்தான் கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' வெளியாகி, மெல்லிய செருப்போடு மலைகளில் ஓடும் மெக்சிகோவின் தாராஹுமாரா மக்களைக் காட்டி, மெத்தை வைத்த ஷூக்களின் மேல் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. 2010-லேயே ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 'நேச்சர்' இதழில் எழுதியது: வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அப்போது மோதலின் அதிர்ச்சி குறைகிறது. காயம் குறையும் என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவில்லை. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? விரல் விரலாக ஷூ செய்த வைப்ரம் கம்பெனி, ஆதாரமில்லாமல் ஆரோக்கியப் பலன் சொன்னதாக அமெரிக்காவில் வழக்கில் மாட்டி, தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014-ல் 37.5 லட்சம் டாலருக்கு சமாதானம் செய்துகொண்டது.

கின்வாரா அந்த அளவுக்குப் போகவில்லை. மெத்தையும் உண்டு, எடையும் குறைவு. அதனாலேயே "தினசரி பயிற்சிக்கு இதுவே போதும்" என்ற பேச்சு எளிதாகப் பரவியது. இடிப்பது இங்கேதான்.

குதிகால் தாழ்ந்தால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் கூடுதலாக இழுபட்டு வேலை செய்யும். குதிகால் உயர்ந்தால் முழங்காலுக்குச் சுமை. ஒரு கணக்கில் கழித்ததை இன்னொரு கணக்கில் ஏற்றுவது மாதிரி. சுமை எங்கேயும் ஓடிப்போவதில்லை, இடம்தான் மாறுகிறது. லக்ஸம்பர்க்கில் 553 பேருக்கு 10, 6, 0 மில்லிமீட்டர் ட்ராப் உள்ள ஷூக்களைப் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள் (முடிவு வெளிவந்தது 2016-ல்). மொத்தத்தில் காயங்களில் வித்தியாசமே இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, எப்போதாவது ஓடுகிறவர்களுக்குக் குறைந்த ட்ராப்பில் காயம் குறைவு. விடாமல் ஓடுகிறவர்களுக்கு அதிகம்! ஒரே ஒரு ஆய்வுதான், அதில் 4 மில்லிமீட்டர் ஷூவும் இல்லை. இருந்தாலும் 'தினசரி' என்று பெயர் வைத்து விற்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய முடிவு.

நம்மூரில் இன்னொரு வாதமும் கேட்கலாம். "நமக்கென்ன, செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால்தானே?" பாதி சரி. நடந்து பழகிய கால் அது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கு ஷூவும் பிறகு பைக்கும் என்று வாழ்ந்தவர் திடீரென்று வாரம் 40 கிலோமீட்டர் இதில் ஓடினால், காலையில் மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் கதை சொல்லும் :-)

எடை குறைவு என்பது மட்டும் உண்மையான லாபம். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான சக்திச் செலவு சுமார் 1 சதவிகிதம் கூடும் என்பது பழைய கணக்கு. பந்தயத்தில் அது பெரிய விஷயம். விடியற்காலை மெதுவோட்டத்தில் யார் கடிகாரத்தோடு சண்டை போடப்போகிறார்கள்?

அப்புறம் பணம். எடையைக் குறைக்க அடிப்பாகத்தில் ரப்பரை அங்கங்கே மட்டும் ஒட்டி, மீதி இடத்தில் நுரையையே தரையில் படவிட்டார்கள். தார் ரோடு அதைச் சீக்கிரம் தின்றுவிடும். பேச்சுக்கு 10,000 ரூபாய் ஷூ 800 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 12.50 ரூபாய். 400-லேயே தேய்ந்தால் 25. மாணவர் பட்ஜெட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆகவே ஏற்கெனவே ஒரு கனமான ஷூ வைத்திருப்பவர், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வேகமாக ஓடுவதற்கு இதை வாங்கினால் சந்தோஷமாக இருப்பார். கையில் ஒரே ஷூவுக்குத்தான் காசு என்றால் இது வேண்டாம். 4 மில்லிமீட்டரில் மந்திரம் இருப்பதாக இப்போது சாக்கனியே நினைப்பதாகத் தெரியவில்லை. 2023-ல் அதே பெயரில் கார்பன் தகடு வைத்து வந்த கின்வாரா ப்ரோவின் ட்ராப் 8 மில்லிமீட்டர்.