வீட்டுக்குள் கார் பந்தயம்! வேகம் இருக்கிறது, நடுவர் எங்கே?

கார் இல்லை. பெட்ரோல் இல்லை. புழுதி இல்லை. ஆனால் பந்தயம் நடக்கிறது!

வீட்டில் ஒரு நாற்காலி. அதன் முன்னே ஒரு ஸ்டீயரிங். காலடியில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இருக்கின்றன. எதிரே கம்ப்யூட்டர் திரை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரையில் கார் திரும்புகிறது. கார் மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது!

இதற்கு "சிமுலேட்டர்" என்று பெயர். நிஜக் கார் ஓட்டுவது போலவே இருக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு இது.

இங்கிலாந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், ஜெர்மனியில் ஒருவர். எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே, இன்டர்நெட் மூலம் ஒரே பந்தயத்தில் ஓட்டுகிறார்கள். வாரம் தவறாமல் ஓட்டி, புள்ளி சேர்த்து, பட்டம் வெல்கிறார்கள். இதுதான் லீக் போட்டி.

சிமுலேட்டர் செய்யும் கம்பெனிகள் படத்தை அழகு செய்வதில் போட்டி போடுகின்றன. மழைத்துளி கண்ணாடியில் வழிகிறது. வெயில் சாய்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லீக் நடத்துகிறவர்களுக்கு வேண்டியது மழைத்துளி அல்ல. நியாயம்!

ஓட்டியது யார்?

2020-ம் ஆண்டு. கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. நிஜப் பந்தயங்கள் நின்றுபோயின. பெரிய பெரிய பந்தய வீரர்கள் சிமுலேட்டர் முன்னே உட்கார்ந்தார்கள்.

மின்சாரக் கார் பந்தயமான பார்முலா-ஈ வீரர்களும் அப்படி ஒரு போட்டி நடத்தினார்கள். மே 23-ந் தேதி, பெர்லின் நகரப் பந்தயம். அதில் ஜெர்மன் வீரர் டேனியல் ஆப்ட் மூன்றாவதாக வந்தார்.

மற்ற வீரர்களுக்குச் சந்தேகம் வந்தது. "இந்த மனிதர் இவ்வளவு நன்றாக ஓட்ட மாட்டாரே!"

காமிராவில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. விசாரித்தார்கள். கம்ப்யூட்டரின் இன்டர்நெட் முகவரியையும் சோதித்தார்கள். குட்டு வெளிப்பட்டது. ஓட்டியது ஆப்ட் அல்ல! சிமுலேட்டர் பந்தயத்தில் கைதேர்ந்த 18 வயது வாலிபர் ஒருவர், அவருக்குப் பதில் உட்கார்ந்து ஓட்டியிருந்தார்.

ஆப்ட் மன்னிப்புக் கேட்டார். வேடிக்கைக்காகச் செய்ததாகச் சொன்னார். பந்தய முடிவு ரத்தாயிற்று. தர்ம காரியத்துக்கு 10 ஆயிரம் யூரோ கொடுக்கும்படி உத்தரவாயிற்று. அதோடு விடவில்லை. ஆடி கார் கம்பெனி அவரை அணியில் இருந்தே நீக்கியது. விளையாட்டில் செய்த ஆள் மாறாட்டம், நிஜ வேலைக்கே உலை வைத்துவிட்டது!

இவர் பிரபலமானவர். அதனால் அகப்பட்டார். ஊர் பேர் தெரியாத ஒரு சின்ன லீக்கில் இதே காரியம் நடந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? ஓட்டுகிறவர் இன்னார்தான் என்று உறுதி செய்யும் வழி சிமுலேட்டரிலேயே இருக்கவேண்டும். காமிராவில் முகம் காட்டச் சொல்வது மட்டும் போதாது.

தொடாமலே மோதல்!

இன்னொரு சங்கடம். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய செய்தி, கடல் கடந்து அடுத்தவர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் ஆகும். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். அது ஒரு காரின் நீளத்துக்கும் அதிகம்!

அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? "கார் இந்நேரம் இங்கேதான் இருக்கும்" என்று ஊகம் செய்து படம் காட்டுகிறது. ஊகம் தவறினால் வந்தது வினை. ஒருவர் திரையில் இரண்டு கார்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும். மற்றவர் திரையில் மோதல்!

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சண்டை.

அமெரிக்காவில் 2008-ல் வந்த ஐரேசிங் என்ற சிமுலேட்டர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மோதினால் இருவர் கணக்கிலும் குற்றப் புள்ளி. யார் மேல் தப்பு என்று கேட்பதே இல்லை. இதனால் வீரர்கள் ஒதுங்கி, பார்த்து ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நேராகப் போனவனுக்கும் தண்டனை, இடித்தவனுக்கும் தண்டனை என்றால் மனம் ஆறுமா? பட்டம் யாருக்கு என்று முடிவு செய்யும் லீக்குக்கு இது போதாது. அங்கே மனித நடுவர்தான் வேண்டும்.

வேண்டுமென்றே தடுத்தவர்

2020 மே 2-ந் தேதி, இண்டியானாபொலிஸ் பந்தயம். இங்கிலாந்தின் லாண்டோ நாரிஸ் முன்னணியில் இருந்தார். பிரான்சு வீரர் சைமன் பஜெனோ அவருக்கு முன்னே காரின் வேகத்தைக் குறைத்தார். நாரிஸ் கார் மோதியது. வெற்றி கைநழுவியது. கொஞ்சம் தடுக்க நினைத்ததாகவும், மோத நினைக்கவில்லை என்றும் பஜெனோ சொன்னார். ஆனால் நாரிசைத் தடுக்கப்போவதாக அவர் பேசியது, அவருடைய நேரடி ஒளிபரப்பிலேயே கேட்டுவிட்டது!

அதனால் விஷயம் தெரிந்தது. எல்லாப் பந்தயத்திலும் இப்படிச் சாட்சி கிடைக்குமா? பந்தயம் முழுவதும் தானாகப் பதிவாகவேண்டும். ஒவ்வொரு வீரரும் எப்போது பிரேக் மிதித்தார், எப்போது திருப்பினார் என்பது நடுவருக்குத் தெரியவேண்டும். ஓடும்போதே தண்டனை கொடுக்கவும், தப்பான தண்டனையை நீக்கவும், முடிந்த பிறகு புள்ளியைத் திருத்தவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். இவற்றில் சில, சில சிமுலேட்டர்களில் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

சர்வர் படுத்தால்?

எல்லாவற்றிலும் கொடுமை இதுதான். பந்தயத்தை நடத்தும் மத்திய கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர். அது மக்கர் செய்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ்!

2020 ஜூனில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் சிமுலேட்டரில் நடந்தது. 50 கார்கள், 200 வீரர்கள். சர்வர் கோளாறால் நடுவில் நிறுத்தவேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் மறுபடியும் அதே கதை. உலக சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். திடீரென்று தொடர்பு அறுந்தது. பல மணி நேர உழைப்பு போயிற்று. கோபத்தில் அவர் போட்டியையே வெளிப்படையாகச் சாடினார்.

நிஜக் கார் பழுதானால் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். அறுந்த இன்டர்நெட்டை எந்த மெக்கானிக் முடிச்சுப் போடுவார்? விட்ட இடத்தில் இருந்து பந்தயத்தைத் தொடர வழி இருக்கவேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் நிலவரம் சேமிக்கப்படவேண்டும். கம்பெனிகள் முதலில் செய்யவேண்டிய வேலை இது. மழைத்துளி அப்புறம் வழியட்டும்.

சாம்பியன் கோபப்பட்டால் உலகச் செய்தி. சின்ன லீக் நடத்துகிறவர் கோபப்பட்டால் யார் கேட்பார்கள்? அவருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேலைக்குப் போகிறார். இரவில் பந்தயம் நடத்துகிறார். ஒன்றரை மணி நேரத்தில் பந்தயம் முடிந்துவிடும். அதன் பிறகு புகார்கள் வரும். "அவன் இடித்தான்", "இல்லை, இவன் இடித்தான்" என்று பத்துப் புகார். ஒவ்வொன்றுக்கும் பதிவைத் தேடி, ஓட்டிப் பார்த்து, தீர்ப்பு எழுதி, புள்ளிகளைக் கையாலேயே கூட்டிப் போடுகிறார். அடுத்த பந்தயத்துக்குள் அத்தனையும் முடியவேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகும், அவர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது.