முதலைக்கு மேலே கூடு

சென்னைக்கு அருகிலுள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையில், முதலைகள் கிடக்கும் குளங்களுக்கு மேலேயே இராக்கொக்குகளும் வெண்கொக்குகளும் கூடு கட்டுகின்றன. அவற்றை யாரும் பிடித்துவந்து அங்கே விடவில்லை. 1976-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் மற்றவர்களும் பண்ணையைத் தொடங்கியது, அருகிவந்த முதலைகளைக் காத்துப் பெருக்குவதற்காக. கொக்குகள் தாமாக வந்து சேர்ந்தன. கீழே கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பண்ணையில் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பேன். முதலையை வெறும் கொலைகார விலங்காக எண்ணும் பழைய எண்ணத்தை மாற்றவல்ல சான்று மரத்தின்மேல்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இதே காட்சி உண்டு. 1893-இல் தொடங்கிய செயின்ட் அகஸ்டின் பண்ணையில், அதாவது அலிகேட்டர் என்னும் முதலையினத்தை வளர்க்கும் பண்ணையில், காட்டுக் கொக்குகளும் நாரைகளும் ஆண்டுதோறும் அலிகேட்டர் குளத்துக்கு மேலேயே குஞ்சு பொரிக்கின்றன. கூடேறி முட்டை தின்னும் ரக்கூன் என்னும் விலங்கு, அலிகேட்டர் கிடக்கும் நீரில் இறங்க அஞ்சும். அதே ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது: கொக்குக் குடியிருப்புக்கு அருகில் வாழும் பெண் அலிகேட்டர்கள், அப்படி இல்லாத இடத்தில் வாழ்வனவற்றைவிட நல்ல உடல்நிலையில் இருந்தன. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகள் அவற்றுக்கு இரையாகின்றன.

குஞ்சைத் தின்பது எப்படிக் காவலாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கொக்கினங்கள் பெரும்பாலும் தம்மால் வளர்க்க முடிவதைவிடக் கூடுதலாகவே முட்டையிடுகின்றன. நலிந்த குஞ்சு, கீழே முதலை இல்லாவிட்டாலும் பிழைப்பது அரிது. ரக்கூன் மரமேறினாலோ ஒரு குடியிருப்பே காலியாகிவிடக்கூடும். சில குஞ்சுகளை இழந்து குடியிருப்பைக் காத்துக்கொள்வது பறவைக்கு இலாபமே.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஃபுளோரிடாவில் கண்டதை வடநெம்மேலிக்கு அப்படியே பொருத்தலாமா? பண்ணையைச் சுற்றியுள்ள சுவரும், சிந்தும் இரையும், மர நிழலும்கூடக் கொக்குகளை ஈர்த்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். இங்குள்ள முதலைகள் மூக்கின்மேல் குச்சியை ஏந்திக் கொக்குகளுக்குத் தூண்டில் போடுகின்றன என்று 2013-இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையையும் நான் துணைக்கு அழைக்கவில்லை. ஏனெனில், பின்னர் அலிகேட்டர்களிடம் செய்த சோதனை அக்கருத்துக்கு வலுச்சேர்க்கவில்லை. ஆனாலும் ஓர் உண்மை எஞ்சுகிறது. முதலைதான் அடைபட்டிருக்கிறது, கொக்கு தடையின்றிப் பறக்கிறது. பண்ணைக்கு வெளியே கடற்கரைச் சாலை நெடுக மரங்கள் இருந்தும் இந்த மரங்களிலேயே அது முட்டையிடுகிறது.

எனவே எச்சமும் நாற்றமும் பார்வையாளருக்குத் தொல்லை என்று இத்தகைய பண்ணைகளில் கிளைகளை வெட்டக் கூடாது. முதலையைப் பற்றிய பலகைக்கு அருகிலேயே, அதே அளவில், மேலே கூடு கட்டியிருக்கும் பறவைக்கும் ஒரு பலகை வேண்டும்.