பிளான் போடும் கை யாருடையது?

தாராபுரம் வட்டாரத்தில் எந்த வீடு எழும்பினாலும் அங்கே நம் மக்களின் உழைப்பு இருக்கும். கல் சுமப்பது, கலவை போடுவது, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் அடிப்பது எல்லாம் நாம்தான். அந்த வீட்டுக்குப் பிளான் போட்ட கை மட்டும் நம்முடையதாக இருப்பது அபூர்வம். கட்டடக்கலைப் படிப்பைப் பற்றி நாம் இங்கிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும்.

பி.ஆர்க் ஐந்தாண்டுப் படிப்பு. அதில் சேர நாட்டா தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. இரண்டாம் தாள். இரண்டிலும் வரையத் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். அதாவது, பத்தாம் வகுப்பு முடித்துக் குரூப் எடுக்கும் நாளிலேயே பாதிக் கதவு மூடிவிடுகிறது. ஓவிய வகுப்பு ஒழுங்காக நடக்காத பள்ளி மீதிப் பாதியை மூடுகிறது.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை தெருவில் இறங்கிவிட்டார்கள். இதை அவர்களுடைய சம்பளப் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கோச்சிங் சென்டர் இருக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த அரை நாள்தான் கோச்சிங்.

அந்த அரை நாளில் கிண்ணத்தையும் பழத்தையும் பார்த்து வரைந்தால் போதுமா? கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் 24 அடிக்கு 15 அடி சுண்ணாம்புக் கோடு போடட்டும். அதற்குள் நின்று யோசிக்கட்டும். அடுப்பு எங்கே? பாட்டி எங்கே படுப்பார்? படிக்கிற பிள்ளைக்கு இடம் எது? மேற்கு வெயில் எந்தச் சுவரில் அடிக்கும்? பிறகு ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அதையே தாளில் வரையட்டும். கணக்கும் ஓவியமும் ஒரே பீரியடில் வந்துவிடும்.

அடுத்த வாரம் ஊரையே வரையச் சொல்லலாம். காலனி ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது, தண்ணீர் டேங்க் எந்தத் தெருவில் நிற்கிறது, தார்ச்சாலை எங்கே முடிகிறது என்று தாளே கேள்வி கேட்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் ஓர் அப்பாவையும் வகுப்புக்கு அழைக்கலாம். தட்டையான பேட்டர்ன் உடம்புக்குப் பொருந்தும் சட்டையாக மாறுவதை அவர் காட்டினால், பிளான் கட்டடமாவது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, ஓவியம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அண்ணல் அம்பேத்கர் 1930களில் மும்பை தாதரில் கட்டிய ராஜகிருகம், புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று திட்டமிட்ட வீடு. எப்படி வாழ வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதும் விடுதலைதான்.

பட்டியலினத்தவருக்கு 18 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீதம் இருக்கிறது. இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

தோழர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குரூப் எடுக்கும் முன்பே உங்கள் தெருவில் இதைச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோரிடம் ஒரு கேள்வி கொடுத்தனுப்புங்கள்: ஓவிய ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்?