டிக்கெட் இருந்தும் வாசலில் நிறுத்தினார்கள்! திரையில் ஆடலாம், தியேட்டரில் உட்காரக் கூடாதா?

சென்னை கோயம்பேட்டில் 2023 மார்ச் 30 அன்று நடந்த சங்கதி இது.

'பத்து தல' படம் பார்க்க நரிக்குறவர் குடும்பம் ஒன்று தியேட்டருக்கு வந்தது. கையில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். வாசலில் ஊழியர் தடுத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற ரசிகர் அதைச் செல்போனில் படம் பிடித்தார். ஊரே கொதித்தது. அப்புறம்தான் உள்ளே விட்டார்கள். யு.ஏ. படம், அதனால் குழந்தைகளை விடவில்லை என்று பிறகு ஒரு விளக்கம். யு.ஏ. என்றால் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பது தியேட்டர்காரர்களுக்குத் தெரியாதா என்ன?

சாமியோவ்!

அந்த ஊழியரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. இவர்களை இப்படிப் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நம்ம சினிமாதான்!

1968-ல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் குறவன், குறத்தி வேஷம் கட்டி ஆடினார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. அதற்குப் பிறகு எத்தனை படங்கள்! கழுத்தில் பாசிமணி, வாயில் 'சாமியோவ்', கூட ஒரு குத்துப்பாட்டு. அவ்வளவுதான் நரிக்குறவர்.

வீட்டில் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி என்ற தனி மொழி. அதை எந்தப் படத்தில் கேட்டோம்? இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டில் நிறைவேறியது. அதற்கு அவர்கள் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்று யார் படம் எடுத்தார்கள்?

பாம்பு பிடிக்கும் கைகள்

இருளர் கதையும் இதேதான். திரையில் இலை தழை கட்டிய காட்டுவாசி. இல்லாவிட்டால் போலீசில் அடிவாங்கும் அப்பாவி.

நிஜம் என்ன? சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். பாம்புக்கடி ஊசி போட்டுப் பிழைத்தவர்கள் இவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

2021-ல் வந்த 'ஜெய் பீம்' இருளர் படும் பாட்டைக் காட்டியது. நல்ல காரியம். ஆனால் மூலச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர். முக்கிய வேடங்களில் நடித்தவர்களோ வெளியாட்கள்.

நாங்க மட்டும் யோக்கியமா?

சினிமாவைச் சொல்லிவிட்டுப் பத்திரிகை தப்பிக்க முடியாது. வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1952-ல் அது ஒழிந்தது. ஆனால் செய்தியில் ஒழியவில்லையே! மற்றவர் திருடினால் 'வாலிபர் கைது'. இவர்கள் மேல் சந்தேகம் வந்தாலே தலைப்பில் சாதி! அவசியமில்லாமல் சாதியைக் குறிப்பிடக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறையே இருக்கிறது. நாங்களும் அதைப் படிக்க வேண்டும்.

வழி ஒன்றும் பெரிய மலை இல்லை. அவர்கள் கதையை எழுதும்போது அவர்களையே கேளுங்கள். வேஷத்துக்கு அவர்களையே கூப்பிடுங்கள். கேமராவையும் பேனாவையும் அவர்கள் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

அதுவரைக்கும் குறைந்தபட்சம், டிக்கெட் வைத்திருப்பவருக்கு வழி விடுங்கள்!